பக்கத்து இருக்கைக்காரி

அவளை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். சொன்னவள் நான்தான். யாரும் என் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை.

அவள் பெயர் ரெஜினா. ஆண்டர்சன்பேட்டையில் வீடு, பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. நான் ராபர்ட்சன்பேட்டைக்காரி, எனக்கும் பெங்களூரில்தான் கணக்கு வேலை. ஒரே திருச்சபை, ஒரே பாடகர் குழு, தினமும் ஒரே ரயில். வண்டி கிளம்பும் மாரிகுப்பத்திலேயே அவள் ஏறிவிடுவாள். நான் ஊர்காம் ஸ்டேஷனில் ஏறுவதற்குள் பெட்டி நிரம்பி வழியும். ஆனாலும் ஜன்னலோரம் எனக்கு ஓர் இடம் இருக்கும். அவளுடைய டிபன் பை அங்கே உட்கார்ந்திருக்கும். யார் வந்து கேட்டாலும் "ஆள் வருதுங்க" என்பாள். எத்தனை வருடங்களாகச் சொல்கிறாள்... எனக்காக!

சில வருடங்களுக்கு முன் எங்கள் இருவருக்கும் ஓர் ஆசை வந்தது. வெளிநாட்டில் ஒரு குழந்தைகள் இல்லம். மூன்று வாரம் போய்ப் பாடம் சொல்லித் தரலாம். சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. எந்த நாடு என்று கேட்காதீர்கள். இதை எழுதுவதே பெரும்பாடு, பெயர் வேறா!

விசா விஷயம் என் பொறுப்பு. "நீதான்டி கம்ப்யூட்டர்காரி, நீயே பாத்துடு. எதுவா இருந்தாலும் மொறையா போய்டுவோம், இன்னா?" என்று ரெஜினா என்னிடம் விட்டுவிட்டாள்.

பார்த்தேன். விசா இணையதளத்தை ஒழுங்காகவே படித்தேன். கூலி வாங்காத தொண்டும் அந்த நாட்டுக்கு வேலைதான்; சுற்றுலா விசாவில் வந்து அதைச் செய்யக் கூடாது; அழைக்கும் இல்லம் முதலில் அங்கே அனுமதி வாங்க வேண்டும், பிறகுதான் நமக்குத் தனி விசா. தெளிவாகப் போட்டிருந்தது. இல்லத்துக்காரர்களோ பதில் போடவே வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். எனக்கு லீவு கிடைத்துவிட்டது, சபையிலும் அறிவித்தாகிவிட்டது. நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ரெஜினாவிடம் சொன்னேன்: "டூரிஸ்ட் விசா போதும்டி."

ஏன் உண்மையைச் சொல்லவில்லை? சொன்னால் அவள் வர மாட்டாள். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. இவ்வளவுதான் என் நியாயம்... கேட்கவே அசிங்கமாக இல்லையா உங்களுக்கு?

அங்கே போய் இறங்கினோம். விமான நிலையத்தில் அடுத்தடுத்த கவுன்டர்களில் நின்றோம். எதற்கு வந்தீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ஊர் சுற்றிப் பார்க்க என்றேன். விதியைப் படித்தவள் அல்லவா, எதைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும்! முத்திரை விழுந்தது. பக்கத்துக் கவுன்டரில் ரெஜினாவிடமும் அதே கேள்வி. அவள் சிரித்த முகமாக, குழந்தைகள் இல்லத்தில் தொண்டு செய்ய வந்திருக்கிறேன் என்றாள். கேட்காமலேயே இல்லத்தின் முகவரியையும் எடுத்து நீட்டினாள். அவளுக்கு ஒளிக்க என்ன இருந்தது?

இன்னோர் அதிகாரி வந்து அவளைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அழைத்துப் போனார். அங்கிருந்து அவள் என்னைச் சுட்டிக் காட்டுவது தெரிந்தது. அந்த அதிகாரி நேராக என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "அந்தப் பெண் உங்களோடு வந்தவரா?"

ஆமாம் என்றால் என்னையும் அந்தப் பக்கம் அழைத்துப் போவார்கள். படித்தது, மறைத்தது எல்லாம் வெளியே வரும்...

"விமானத்தில் பக்கத்து இருக்கை. மற்றபடி எனக்கு அவரைத் தெரியாது" என்று தலையாட்டி மறுத்தேன்.

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அடுத்த விமானத்திலேயே ரெஜினாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குழந்தைகளுக்கென்று அவள் வாங்கிய கலர் பென்சில்கள் என் பெட்டியில் இருந்தன. அவள் பெட்டியில் இடம் போதவில்லை. அவற்றை நானே கொடுத்தேன். குழந்தைகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். யார் வாங்கியவை என்று நான் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் ஞாயிறு ஆராதனையில், பயணத்தில் கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். சொன்னேன்! சகோதரி ரெஜினா கொஞ்சம் அவசரப்பட்டுப் பேசிவிட்டார், அவருக்காக ஜெபியுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்டி லூசு மாதிரி ஒளறிட்டேன். என்னால உனுக்கும் இன்னா கஷ்டமோ" என்றாள்.

"பரவாயில்லடி" என்றேன். பரவாயில்லையாம்!

இப்போது ரெஜினாவுக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை வந்திருக்கிறது. எந்த நாடாவது உங்களைத் திருப்பி அனுப்பியதுண்டா என்று விசாவுக்குக் கேட்கிறார்கள். அவள் உண்டு என்றுதான் சொல்வாள். அதனாலேயே ஒருமுறை மறுத்துவிட்டார்கள். இன்னொரு முறை மறுத்தால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அன்று கூட வந்தவர் யாராவது நேரில் வந்து நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விண்ணப்பத்துக்குப் பலம் என்று பெங்களூரில் விசா வேலை பார்ப்பவர் ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"சனிக்கெழமை அவர் ஆபீசுக்கு என்கூட வா, பிரிஸ்ஸி. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனோம், அந்த ரூல் நமக்குத் தெரியாதுன்னு நீ சொன்னா போதும். நீ சொன்னா நம்புவாங்க."

நமக்குத் தெரியாதாம்... நமக்கு!

நான் உள்ளபடி சொன்னால் அவள் தப்பு செய்யவில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் நான்? என் அலுவலகம் என்னைப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பப் போகிறது. எனக்கும் விசா வேண்டும். அதிகாரியிடம் பொய் சொன்னவள் என்று என் பெயரில் ஏறிவிட்டால்? சபையில் தெரிந்தால்? அதையெல்லாம்விட அவள் முகத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. சில சமயம், அவளுக்கு ஏற்கெனவே தெரியுமோ என்றும் தோன்றுகிறது. கண்ணாடி வழியே நான் தலையாட்டி மறுத்ததைப் பார்த்திருப்பாளோ? பார்த்திருந்தால் ஏன் கேட்கவில்லை? கேட்டுத் தொலையேன்டி என்று மனத்துக்குள் கத்துகிறேன்.

உங்களிடம் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை. இதுவும் கோழைத்தனம்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் ரயிலேறியபோது எங்கள் பெட்டியில் ஒரே சத்தம். கையில் மூட்டையோடு ஓர் அம்மா ஜன்னலோர இடத்தின் முன் நின்றுகொண்டு ரெஜினாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெலைக்கு வாங்கிட்டியாம்மா எடத்த? எங்க உன் ஆளு?"

கூட்டத்தில் என் தலை தெரிந்ததும் ரெஜினா கையை உயர்த்தினாள். "தோ, வந்துட்டா பாருங்க."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவங்க உன்கூட வரவங்களா?"

"ஆமாங்க. எங்க ஆளுதான்" என்று சொல்லி ரெஜினா டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவங்களே உட்காரட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையுமே சொல்லியிருக்கலாம்... பெங்களூர் வரை நேரம் இருந்தது!

நான் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு வர, இல்ல?" என்றாள் ரெஜினா.

"பாக்கலாம்டி" என்றேன்.