பின்னால் இருக்கும் தெரு

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விபத்துக்குப் பின் படுக்கையில் கிடக்கும் என் தம்பிக்கு, வீடியோ கேமில் வரும் பெரிய ஊரில் சுற்றுவதுதான் வெளியுலகம். மூன்று வருடம் சுற்றிய ஊர். டிவியில் மாட்டி விளையாடும் அந்த கேம் பெட்டி திடீரென நின்றுவிட, அவனைத் தனியே விட்டு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன்.

ஒல்லியான மனிதர். சரிசெய்த பெட்டியைச் சோதிக்க, அந்த விளையாட்டுக்குள் ஒரு தெருமுனையில் சும்மா நிற்பது அவர் வழக்கம். நான் போனபோதும் வேறொருவர் கொடுத்த பெட்டியைப் போட்டு அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்.

“பாருங்கக்கா,” என்று திரையில் பார்வையை வேறு பக்கம் திருப்பி மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே தெருவில் நடந்துகொண்டிருந்த தொப்பிக்காரனைக் காணோம். “நாம அந்தாண்ட பாத்தா பெட்டி இவன அழிச்சிடும். இதோட பவர் அவ்ளோதான்.”

“பவர் ஜாஸ்தியா இருந்தா?”

“நாம பாக்காட்டியும் அவன் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருப்பான்.”

எனக்கு வீட்டில் தனியே கிடப்பவன் நினைவு வந்தது. “தம்பி விளையாடினதெல்லாம் அழிஞ்சிடுமாங்க?”

“பாக்கறேங்க்கா. சொல்ல முடியாது.”

நான் கிளம்பும்போதும் அவர் அந்தப் பெட்டியை அணைக்காமல் தொப்பிக்காரனைத் தேடிக்கொண்டிருந்தார். ஏன் என்று இன்றும் புரியவில்லை.

மறுநாள் பெட்டியை வாங்கி வந்தேன். எல்லாம் அழிந்திருந்தது. தம்பி முதல் தெருவிலிருந்து ஆரம்பித்தான்.