அக்கா வீட்டு வழியில் ஒரு சிங்கம்

சிங்கம் பார்க்க ஆப்பிரிக்கா போகிறேன் என்று கிளம்பும் ஒருவர், சிங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், "அந்தக் காட்டுக்குப் போற ரோடு எந்த ஊரு வழியா போவுது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால், அவரை நீங்கள் என்னவென்று நினைப்பீர்கள்?

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கேட்டவர் என் அப்பா. குன்னத்துக்குப் பக்கத்தில் மானாவாரி நிலம், மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். காட்டு மிருகம் என்றால் அவருக்குப் பகையாளி. கதிர் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றியை விரட்டியே பாதித் தூக்கத்தை இழந்தவர். கரைவெட்டி ஏரிக்கு வருஷா வருஷம் எங்கெங்கிருந்தோ பறவை வருகிறது, ஒரு நாள் போய்ப் பார்க்கலாம் என்றால், "நம்ம கொல்லைல வந்து திங்கறது பத்தாதா, அதுங்க ஊட்டுக்கு வேற போவணுமா?" என்று கேட்டவர். அந்த மனிதர்தான் ஒரு சாயங்காலம் டிவியில் சிங்கம் கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இதப் பாக்கறதுக்கு எங்க போவணும்னு போன்ல பாரு."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

"யாருங்க போறது?"

"நாமதான்."

"வண்டலூர்ல இருக்குப்பா," என்றேன் நான்.

"அது கூண்டுல இருக்கும். ஆப்பிரிக்காவுல பாரு."

சொன்னதும் நானும் இறங்கிவிட்டேன். பி.இ. முடித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஆள் நான். எதையும் யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டுவிடலாம் என்று நம்புகிற ஜாதி. ஆனால் இந்த சஃபாரி விஷயம் மட்டும் மண்டையைக் காயவைத்தது. ஒருத்தன் கென்யாவில் மசாய் மாரா போகாதவன் மனிதனே இல்லை என்கிறான். அடுத்த வீடியோவில் இன்னொருத்தன், அங்கே சிங்கத்தைவிட ஜீப்தான் அதிகம், தென்னாப்பிரிக்கா போ என்கிறான். மூன்றாவது ஆள் படகில் போய் யானை பார்க்கச் சொல்கிறான். இதற்கு நடுவில் மாடும் குதிரையும் கலந்த மாதிரி, தாடி வைத்த ஒரு மிருகம். அது மழை பெய்கிற பக்கம் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டே இருக்குமாம். பாஸ்போர்ட் இல்லாமல் இரண்டு நாட்டுக்கு நடுவே போய்ப் போய் வருமாம். எந்த மாதம் எங்கே நிற்கும் என்பதற்கு ஆளுக்கொரு மேப். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபோது, ஆரம்பித்ததைவிடக் குழப்பமாக இருந்தது.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"கென்யாவுக்குள்ள எதுக்குப் போவணும்?"

"சிங்கம் இருக்குப்பா."

"டான்சானியாவுல சிங்கம் இல்லியா?"

"இருக்கு. செரங்கெட்டின்னு ஒலகத்துலயே பெரிய..."

மேப்பை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இது வடக்கால்ல கெடக்கு?"

"வடக்க கெடந்தா என்னா? சிங்கத்துக்கு சூலமா?"

"வாயப் பாரு. வேற காட்டு."

தென்னாப்பிரிக்காவைக் காட்டினேன். "அங்க கிரிக்கெட்டுதான் ஆடுவானுங்க," என்று தள்ளிவிட்டார். கடுப்பாகி லேப்டாப்பை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கேதான் அம்மா உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"ஏண்டி, நீ படிச்ச புள்ளதானே? ஒன் அப்பாவுக்கு சிங்கமா வேணும்? அவருக்கு ஒங்கக்கா வூட்டப் பாக்கணும்டி."

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மாமா அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஜினியராக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்பே டான்சானியாவில் மொரொகோரோ என்கிற ஊர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். லீவில் வந்து தாலி கட்டினார், விசா வந்தது, அக்காவை அழைத்துக்கொண்டு பறந்துவிட்டார். எல்லாம் சரி. குடித்தனம் வைப்பது மட்டும் நடக்கவில்லை.

எங்கள் பக்கம் பெண்ணைக் கொடுத்தவர்கள் பாத்திரம் பண்டத்தோடு போய், புது வீட்டு அடுப்பில் பால் காய்ச்சி, குடித்தனம் வைத்துவிட்டு வர வேண்டும். ஆனால் நாமாகப் போய் நிற்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டில் நாள் பார்த்து, தட்டோடு வந்து கூப்பிட வேண்டும். சம்பந்தி கூப்பிடவே இல்லை. ஆப்பிரிக்காவுக்கு எங்கே போகப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்களோ, வேண்டுமென்றே விட்டார்களோ, தெரியாது. அக்காவுக்கு வாங்கிய பித்தளைப் பால் சட்டி இன்னும் எங்கள் பின்னறையில் பேப்பர் சுற்றி இருக்கிறது. அம்மா மாதா மாதம் பேப்பரை மட்டும் மாற்றுவாள்.

வீடியோ காலில் அக்கா முகமும் முகத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் சுவரும் மட்டும்தான் தெரியும். "போனக் கொஞ்சம் திருப்பேண்டி, அடுப்படி எந்தப் பக்கம்?" என்று அம்மா கேட்பாள். அக்கா திருப்புவதற்குள் நெட் நின்றுவிடும். பெண்ணைக் கொடுத்த வீட்டின் அடுப்பைப் பார்க்காத அம்மா. கூப்பிடாமல் போகமாட்டேன் என்கிற அப்பா. அதற்கு அப்பா கண்டுபிடித்த வழிதான் சிங்கம். சிங்கம் பார்க்கப் போனோம், வழியில் மகள் வீடு இருந்தது, எட்டிப் பார்த்தோம். இதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

அப்புறம் என்ன, காடு தேடும் வேலையே தலைகீழாக மாறிவிட்டது. சிங்கம் எங்கே அதிகம் என்று இல்லை, மொரொகோரோவைத் தாண்டாமல் போக முடியாத காடு எது என்று தேடினேன். கிடைத்தது. மிகுமி. விமானம் இறங்கும் டார் எஸ் சலாமிலிருந்து அந்தக் காட்டுக்குப் போகும் நெடுஞ்சாலை நேராக மொரொகோரோவுக்குள் நுழைந்துதான் போகிறது.

"அப்ப அந்த ஊரத் தாண்டாம போவவே முடியாதா?" அப்பா இரண்டு தடவை கேட்டார்.

"ரோட்டுல போனா முடியாது."

"மொரொகோரோ..." மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பது போல நடித்தார். "மாப்ள இருக்கற ஊருல்ல அது?"

"அட, ஆமாப்பா! என்னா ஒரு ஆச்சரியம்!"

"நக்கலா? வழியில இருக்குங்கறதால ஒரு எட்டு பாக்கலாம். பாக்காம வந்தா தப்பா நெனப்பாங்க."

எந்த மாதம் என்பதில் அடுத்த சண்டை. வெயில் காலத்தில் போனால்தான் புல் காய்ந்து மிருகம் கண்ணில் படும், மழையில் போனால் ரோடும் சேறு, சிங்கமும் தெரியாது என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"காஞ்சி கெடக்கற ஊரப் பாக்க அவ்ளோ தூரம் எதுக்குடி? சித்திரையில குன்னத்துல நின்னா போதாதா? பச்சயா இருக்கறப்பப் போவணும்."

"பச்சயா இருந்தா சிங்கம் தெரியாதும்மா."

"வூடு தெரியுமுல்ல?"

மாதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சரி, அக்காவிடம் மெதுவாகச் சொல்லிவைப்போம் என்று ஸ்பீக்கரில் போன் போட்டேன். வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அழைப்பை நாமே கேட்டு வாங்கின மாதிரி ஆகிவிடும், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணை உருட்டுகிறார். அதனால் சிங்கம் பார்க்க வருகிறோம், மிகுமிக்கு, என்றேன்.

"மிகுமியா? ஏய் லூசு," என்றாள் அக்கா. "அவ்ளோ தூரம் வந்துட்டு இந்தச் சின்னக் காட்டயா பாப்பீங்க? செரங்கெட்டி போங்க. நாங்க வேணா அங்க வந்து ஒங்களப் பாத்துக்கறோம்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். "வூட்டுக்கு வேணாங்கறாடி," என்றாள் சுவரைப் பார்த்து. அங்கே என்ன நடக்கிறது? எதையாவது மறைக்கிறாளா? மஞ்சள் சுவருக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது? வாட்ஸப்பில் நேராகவே கேட்டுவிட்டேன், நாங்க வர்றது புடிக்கலியா என்று. டைப் செய்கிறாள், நிறுத்துகிறாள், டைப் செய்கிறாள். கடைசியில் வந்தது:

"வூட்டுக்கு வரோம்னு ஒங்கள்ல யாராச்சும் சொன்னீங்களா? எல்லாரும் சிங்கம் சிங்கம்னுதானே சொல்றீங்க."

ஒரு ஸ்மைலியைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஸ்மைலி போட்டது தப்பு என்று அப்புறம் தோன்றியது.

அடுத்த வாரம் நானும் அப்பாவும் லப்பைக்குடிக்காட்டுக்கு டிக்கெட் விசாரிக்கப் போனோம். அங்கே ஒரு பாய் டிக்கெட் கடை வைத்திருக்கிறார். துபாய், சவூதி, குவைத் எல்லாம் அவருக்கு லால்குடி, பாடாலூர் மாதிரி. அக்காவுக்கும் அவர்தான் டிக்கெட் போட்டார்.

"சிங்கம் பாக்கவா?" பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "நான் வேலைக்குப் போறவனுக்கு டிக்கெட் போட்டிருக்கேன், ஹஜ்ஜுக்குப் போட்டிருக்கேன். சிங்கத்துக்கு இன்னிக்குத்தான் மொதத் தடவ."

"ஒரு ஆசைதாங்க பாய்," என்றார் அப்பா.

"மாஷா அல்லாஹ். நல்ல ஆசை. தங்கறது எங்க?"

"லாட்ஜுலதான்," என்றார் அப்பா வேகமாக.

"அங்கதானே ஒங்க பொண்ணு இருக்கு?"

"ஆங்... ஆமா. அது வழியில."

பாய் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "ஒங்க சம்பந்திக்கும் இதேதான் பாத்துக் குடுத்தேன். போன மாசம் ஜெயங்கொண்டத்துலேர்ந்து வந்திருந்தாரு."

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அவரும் டான்சானியாவா? எதுக்காம்?"

"யானை பாக்கவாம்."

நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. பைக்கில் வரும்போது வழி முழுக்க ஒரே புலம்பல். "நம்மளக் கூப்புடாம அவங்க மட்டும் போறாங்களா? பொண்ணு வூட்டுக்காரன் இன்னும் பால் காச்சல, அதுக்குள்ள யானையாம் யானை!" நடுவிலேயே, "எந்தக் காட்டு யானையாம்?" என்றார். அதையும் கிளம்பும்போதே பாயிடம் கேட்டு வைத்திருந்தேன். ருவாஹா. வீட்டுக்கு வந்து மேப்பில் பார்த்தேன். அதற்கும் அதே ரோடுதான். மொரொகோரோவைத் தாண்டி, மிகுமியைத் தாண்டி, இன்னும் உள்ளே.

அம்மாவால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை. அப்பாவைக் கேட்காமல், என் போனைப் பிடுங்கி, சம்பந்தியம்மாவுக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னாங்க சம்பந்தி, யானை பாக்கப் போறீங்களாமே?"

சம்பந்தியம்மா திருப்பிக் கேட்டார். "நீங்க சிங்கம் பாக்கப் போறீங்கன்னு பாய் சொன்னாரே?"

இரண்டு அம்மாக்களும் சேர்ந்தாற்போலச் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் எங்கள் அம்மாதான் முதலில் கேட்டாள். "ஒரு வார்த்த கூப்புட்டிருக்கலாமுல்ல, குடித்தனம் வெக்க."

"நாங்க கூப்புடறதா? எங்க பக்கம் பொண்ணு வூட்டுக்காரங்கதானே நாள் பாத்துச் சொல்லுவாங்க? நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு ரெண்டு வருசமா காத்துக் கெடக்கறோம். நீங்க போயிப் பால் காச்சாம நாங்க எப்படி அந்த வூட்டுக்குள்ள காலு வெக்கறது? எம் புள்ள வூட்ட நானும்தான் பாக்கல."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு வழக்கம், ஜெயங்கொண்டத்துப் பக்கம் ஒரு வழக்கம். நடுவில் அக்கா மஞ்சள் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஏன் யாரும் வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். பின்னாலேயே மாமாவின் அப்பா எங்கள் அப்பாவுக்குப் போன் செய்தார். இரண்டு ஆம்பளைகளில் ஒருத்தராவது, ஆமாங்க, பிள்ளைகளைப் பார்க்கத்தான் கிளம்பினோம் என்று சொல்ல வேண்டுமே!

"எங்களுக்கு சிங்கம்தாங்க மெயினு," என்கிறார் எங்கள் அப்பா.

"யானை இல்லாம என்னாங்க காடு?" என்கிறார் அவர்.

"மிகுமியிலயும் யானை இருக்காம்."

"ருவாஹாவுலயும் சிங்கம் இருக்காம்."

நாள் குறிப்பதையும், எந்தக் காடு என்பதையும் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அக்காவுக்கு, நெசமாவே வூட்டுக்குத்தான் வரோம் என்று அனுப்பினேன். பார்த்துவிட்டாள், நீல டிக் விழுந்தது. பிறகு ஒரு போட்டோ மட்டும் வந்தது. அடுப்பு. சின்ன கேஸ் அடுப்பு, ஜன்னலுக்குக் கீழே, துடைத்து வைத்திருக்கிறாள். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கெழக்கப் பாத்துதான் வெச்சிருக்காளா?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்?

மிகுமியா, ருவாஹாவா, இரண்டுமா, வெயிலிலா, மழையிலா, எனக்கு இன்னும் தெரியாது. லேப்டாப்பில் எல்லாம் திறந்தே கிடக்கிறது. பால் சட்டியைப் பேப்பரிலிருந்து எடுத்து, புளி போட்டு விளக்கி, கூடத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறாள் அம்மா.

ஜெயங்கொண்டத்துக் கார் இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது, அப்பா உள்ளே சட்டை தேடிக்கொண்டிருக்கிறார்.