பயான் என்று வந்த பென் டிரைவ்

எனக்குப் பிடித்த பாட்டுகள் எவை என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. கூத்தாநல்லூரில் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், தான் பிறப்பதற்கு முன்பே வந்த இங்கிலீஷ் ராக் பாட்டுகள்தான் உயிர் என்று சொன்னால், கேட்டவர் முதலில் அவளுடைய சர்க்கரை அளவைத்தான் விசாரிப்பார்.

இந்தக் கெட்ட பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் என் கணவர். வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத விருந்தாளியாக வீட்டுக்கு வந்துபோவார். ஒருமுறை ஊருக்குக் கிளம்பிய நண்பரிடம் சோப்பு, தைலம், பால்பவுடரோடு ஒரு பென் டிரைவையும் கொடுத்தனுப்பினார். மார்க்கச் சொற்பொழிவுகள், நல்ல நல்ல பயான்களாகப் பதிந்திருக்கிறேன், நீயும் அம்மாவும் உட்கார்ந்து கேளுங்கள் என்று போனில் கட்டளை. என் மறுமையைப் பற்றி அவருக்கு எப்போதுமே கவலை அதிகம். இம்மையை நானே பார்த்துக்கொள்வேன் என்ற நம்பிக்கையும்தான்.

மதியத் தொழுகையை முடித்துவிட்டு நானும் மாமியாரும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு டிவிக்கு முன்னால் அடக்கமாக உட்கார்ந்தோம். துருப்பிடித்த ஷட்டரை யாரோ இழுப்பதுபோல ஒரு கிதார் கேட்டது. அடுத்து, குளியலறையில் பாம்பைக் கண்டவன்போல ஒருவன் அலறினான். மாமியார் பொறுமைசாலி. முழுசாக ஒரு நிமிஷம் கேட்டார்.

"யாரு பெத்த புள்ளையோ, தொண்ட இப்படிக் கட்டிப்போயிருக்கு. சுக்குத்தண்ணி வச்சுக் குடுக்க வீட்டுல ஆளில்ல போல" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

விஷயம் இதுதான். என் கணவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரரிடமும் அதே நிறத்தில் ஒரு பென் டிரைவ் இருந்திருக்கிறது. மாறிப்போய்விட்டது. அந்த மனிதர் தன் பாட்டுக்குப் பதிலாக வந்த தமிழ் பயானை இரண்டு நாள் மரியாதையாகக் கேட்டாராம். கண்டதையும் கேட்காதே, அடுத்து வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பு என்றார் கணவர். அடுத்த ஆள் கிளம்ப நாற்பது நாள் ஆனது. மதரஸாவில் நாற்பது நாளில் நான் எதையும் இவ்வளவு ஒழுங்காக மனப்பாடம் செய்ததில்லை.

இறால் உரிக்கும்போது ஒரு பாட்டு. அதில் நாலு நிமிஷத்துக்கு யாரும் வாயே திறக்க மாட்டார்கள். பாடகனுக்குக் கூலி வந்து சேரவில்லையோ என்று நினைத்துக்கொள்வேன். மாவு கரைக்கும்போது டிரம்ஸ் பாட்டு. கொல்லைக்குப் பின்னால் சம்பா அறுவடை நடந்த வாரம், எது பாட்டு, எது அறுப்பு மெஷின் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுமே நன்றாக இருந்தன. ஏழாவது பாட்டு மட்டும் வேறு மாதிரி. மெதுவானது. வார்த்தைகள் பாதி புரியாது. கடைசி பஸ்ஸை விட்டவன் அதைப் பற்றி யாரிடமும் குறை சொல்லாமல் நடந்து போவதுபோல அந்தக் குரல் இருக்கும். அதைக் கேட்கிறபோது அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு நின்றுவிடுவேன்.

ஒருநாள் வீடியோ காலில் அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் தலையை நீட்டி, தன் பாட்டுகளில் எது பிடித்தது என்று கேட்டார். ஏழாவது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பாடகர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கச் சொன்னேன். கணவர் வேண்டாவெறுப்பாக மொழிபெயர்த்தார். செத்து எத்தனையோ வருஷமாகிறது என்று பதில் வந்தது. எனக்கு நிஜமாகவே துக்கமாகிவிட்டது.

"முன்னப்பின்ன தெரியாதவனுக்கு எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போடுற?" என்றார் கணவர்.

"உங்களத்தான் எனக்கு எத்தனை நாளு தெரியும்?" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நெட் சரியில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டு போனை வைத்தோம். நெட் அன்றைக்கு அருமையாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். மாமியாரின் மாத்திரை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் விசாரித்த பிறகு, அந்த ஏழாவது பாட்டைக் கேட்டேன் என்றார். மூன்று தடவை கேட்டாராம். அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் மறுத்தார். குரலில் ஜீவனே இல்லை என்றார். உங்கள் காதில் இல்லை என்றேன். முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். கல்யாணமான நாளிலிருந்து மாத்திரை, மோட்டார் இல்லாமல் நாங்கள் பேசிய முதல் பேச்சு அது.

போன வருஷம் அவர் ஒரேயடியாக ஊரோடு வந்துவிட்டார். வீட்டில் ஒரு ஆண் முழுநேரமும் இருப்பதன் சுகத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை, பக்கம் போதாது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் காரில் முத்துப்பேட்டைப் பக்கம் போய்வருகிறோம். வண்டியில் பாட்டு என் கையில்தான்; பென் டிரைவ் திரும்பிப் போனாலும் அந்தப் பாட்டுகளெல்லாம் இப்போது என் போனிலேயே கிடைக்கின்றன. முதல் பாலம் வருவதற்குள் அவர் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"இவன் எப்பத்தான் பாடுவான்?"

"இன்னும் நாலு நிமிஷம் ஆவும். பொறுங்க."

பொறுத்துக்கொண்டு ஓட்டுவார். கண்ணாடியை இறக்கிவிடுவதில்லை. தெரிந்தவர்கள் காதில் விழுந்துவிடுமாம்.