பெரிய பாணும் சின்னப் பாணும்

படம் காட்டிப் பாடம் நடத்துவது சுலபம் என்று நினைப்பவர்கள், பதுளையில் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்துப் பார்க்க வேண்டும். அதிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சுதந்திர வர்த்தகக் கேலிச்சித்திரங்கள்! வெளிநாட்டுத் தானியத்துக்குத் தீர்வை போட்டார்கள், நிலச்சொந்தக்காரர்கள் கொழுத்தார்கள், பேக்கரிப் பாண் விலை ஏறியது, சனம் கொதித்தது, தீர்வை ஒழிந்தது. கதை இவ்வளவுதான். நான் பட்ட பாடு இவ்வளவில் அடங்காது. போதாக்குறைக்கு, பிள்ளைகள் சேருவதில்லை, அடுத்த தவணையோடு பாடத்தையே எடுத்துவிடலாம் என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிக்கொண்டிருந்தார். வரலாறு படிப்பிக்கும் சக துன்பசாலிகளே, உங்களுக்குப் புரியும்.

எந்தக் கட்சி?

தொப்பை போட்ட நிலச்சொந்தக்காரர் ஒருவர் ஏழையின் பாணில் பாதியை வெட்டி எடுக்கும் படம். அதைப் போட்டோக்கொப்பி எடுக்க பஜாருக்குப் போனேன். தேர்தல் நேரம். கடை முதலாளி படத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது இங்கிலாந்து அண்ணே, ஆள் செத்து எவ்வளவோ காலமாச்சு" என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

"அடிச்சுத் தர்றேன் டீச்சர், ஆனா எங்க கடையில எடுத்தேன்னு மட்டும் யாருக்கிட்டயும் சொல்லிறாதீங்க."

யாருக்குக் காய்ச்சல்?

அடுத்த படத்தில் ஒரு பெரிய பாண், ஒரு சின்னப் பாண். தீர்வை இல்லாவிட்டால் பெரியது கிடைக்கும், இருந்தால் சின்னதுதான். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று, "என்ன விளங்குது?" என்று மட்டும் கேட்டேன். மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து வரும் சரண்யா எழும்பினாள். அவள் இருக்கும் லயத்து வீடுகளில் அன்றாடம் கோதுமை மா ரொட்டிதான். யாருக்காவது சுகமில்லை என்றால்தான் டவுனிலிருந்து பாண் வரும். அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

"சின்னப் பாண் வாங்குன வீட்டுல லேசாக் காய்ச்சல் டீச்சர், பெரிய பாண் வாங்குன வீட்டுல எல்லாரும் படுத்துட்டாங்க."

பக்கத்து வகுப்பு

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து கணித டீச்சர் எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷிதான்.

"என்ன டீச்சர் இவ்வளவு சந்தோஷம், பாடத்தை எடுக்கப் போறாங்கன்னு உங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலையா?"

மூட்டை மேல் துரை

கடைசியில் கல்வி அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தார். அவர் வாயிலிருந்து வருவதைப் பொறுத்துத்தான் பாடம் தங்கும். முதல் நாளே பிள்ளைகளிடம், "பாணை விடுங்க, உங்க வீட்டுச் சாப்பாட்டை வச்சு நீங்களே வரைஞ்சுட்டு வாங்க" என்று சொல்லியிருந்தேன்.

சரண்யாவின் படத்தை அதிகாரி கையில் எடுத்தார். மா மூட்டை மேல் கோட்டுப் போட்ட துரை ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அடுப்பு எரிகிறது, கல் காய்கிறது, ஓர் அம்மா வெறுங்கையோடு நிற்கிறார். "இவரு எழும்பினாத்தான் சேர் அம்மா ரொட்டி தட்டலாம்" என்றாள் சரண்யா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் துரையின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அதே மீசை, அதே மூக்குக்கண்ணாடி. எங்கள் அதிபரேதான்! அதிபரும் பக்கத்தில் நின்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு அதிபர் பக்கம் திரும்பினார்.

"பாடம் தொடர்ந்து இருக்கட்டும் சேர், நீங்க கொஞ்சம் மூட்டையை விட்டு எழும்புங்க."

இங்கிலாந்தில் அந்தத் தீர்வைச் சட்டத்தைக் கவிழ்க்க எத்தனையோ கேலிச்சித்திரங்கள் தேவைப்பட்டன. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மீசையே போதுமாக இருந்தது.