நட்சத்திரக் கோல்

வட இந்தியாவில், கிட்வாய் நகரில் நான் எடுக்கும் மழலையர் பாலே நடன வகுப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் முடியும். குழந்தைகள் மொட்டு மாதிரி சுருண்டு தூங்குவார்கள். அட்டை நட்சத்திரம் ஒட்டிய கோலால் நான் தொட்டதும், கைகளை விரித்து, நுனிக்காலில் எழுந்து நிற்பார்கள்.

இன்று எல்லோரும் ஷூ மாற்றிக்கொண்டிருந்தபோது, நான்கு வயது ஆதிரா வந்து அந்தக் கோலைக் கேட்டாள்.

"தம்பிய எழுப்பிட்டு நாளைக்கே குடுத்துடறேன் மிஸ்."

அவள் தம்பி போன மாதம் பிறந்த சில நாட்களிலேயே இறந்துபோனான்.

வாசலில் நின்ற அவள் அம்மா, "தூங்கறான்னு சொல்லி வெச்சிருக்கோம் மிஸ்" என்று மெல்லச் சொன்னார். மகளின் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

நான் ஆதிராவின் முன் குனிந்தேன்.

"இது இந்த ஹாலுக்குள்ள மட்டும்தாண்டா வேலை செய்யும்" என்றேன்.

ஆதிரா கொஞ்சம் யோசித்தாள்.

"அச்சா. அப்போ தம்பிய இங்க கூட்டிட்டு வரேன்."

கோலை ஒளித்து வைத்துவிட்டேன். குழந்தைகள் யாரும் தூங்க வேண்டியிராத ஒரு விளையாட்டு உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நாளையும் வகுப்பு இருக்கிறது.