யாகப்பர் போட்ட ஐந்து எழுத்து

அரிப்பு என்ற ஊரின் கடற்கரையில் யாகப்பரின் மீன்பிடிக் கொட்டிலான வாடிக்குள் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. தூணைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலிக்குள் படகின் எஞ்சின், சங்கிலியின் முனையில் பூட்டு. யாகப்பர் செத்து எட்டாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. பூட்டு திறக்கவில்லை.

அது திறப்பு இல்லாத பூட்டு; சாவித் துவாரமே கிடையாது. ஐந்து பித்தளை வளையங்கள். ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்து இருபத்தாறும் உண்டு. சரியான ஐந்து எழுத்து ஒரே கோட்டில் வந்தால் திறக்கும். கொழும்பில் தொலைபேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் பொறியியலாளரான அவருடைய மகள் அன்ரோனெற்தான் அதை வாங்கிக் கொடுத்தாள்.

"அஞ்செழுத்தில ஒரு இங்கிலீஷ் சொல் போடுங்கோ அப்பா. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றும் சொல்லியிருந்தாள்.

யாகப்பர் சொன்னபடி செய்கிறவர். ஒருவருக்கும் சொல்லாமலே போய்விட்டார்.

திறப்புகள் மேல் அவருக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. சண்டையில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது வீட்டைப் பூட்டித் திறப்பை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். நானாட்டானில் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் இருந்தபோதும், பிறகு தறப்பாள் கொட்டிலில் இருந்தபோதும் அது இடுப்பிலேயே கிடந்தது. குளிக்கும்போதும் கழற்றவில்லை. சண்டை முடிந்து திரும்பி வந்து பார்த்தால், வீட்டில் சுவர் இரண்டு நின்றது. கதவு இல்லை. கதவு நிலையை அறுத்தெடுத்த இடத்தில் பூட்டு மட்டும் உடைந்து கிடந்தது. யாகப்பர் திறப்பை அவிழ்த்து, நின்ற சுவர் ஒன்றில் ஆணி அடித்து மாட்டினார்.

"இனி எனக்குத் திறப்பு வேண்டாம்" என்றார்.

புது வீடு கட்டியபோதும் அந்தச் சுவரை இடிக்கவிடவில்லை. திறப்பு இப்போதும் அதில்தான் தொங்குகிறது.

அவரைச் சவப்பெட்டிக்குள் வைக்கும்போது வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார்கள். சட்டைப் பைக்குள் மனைவி றஞ்சிதம் முகம் துடைக்கிற லேஞ்சி ஒன்றை மடித்து வைத்தாள். அது இல்லாமல் அவர் கோயிலுக்கு வெளிக்கிட்டதில்லை.

எட்டாம் நாள் பூசை முடிந்த பின்னேரம், அவரோடு தொழிலுக்குப் போகிற டொமினிக் வந்து முற்றத்தில் நின்றான்.

"அக்கா, நான் குறை நினைச்சுச் சொல்லேல்லை. காத்துத் திரும்ப முந்தி ஓடினாத்தான் மீன். சங்கிலியை அறுத்தா ரெண்டு வீட்டிலயும் உலை கொதிக்கும்."

"அறுக்கேலாது" என்றாள் றஞ்சிதம்.

"சங்கிலிதானேயக்கா, புதுசு வாங்கலாம்."

"எங்கட வீட்டுப் பூட்டை ஒருக்கா உடைச்சவங்கள். இப்ப அந்த மனுசன் தன்ர கையால பூட்டினது. அதையும் நாங்களே உடைக்கிறதோ?"

டொமினிக் அன்ரோனெற்றைப் பார்த்தான். அவள் தாயைப் பார்த்தாள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தவணை கிடைத்தது. அன்று பூசை முடிந்ததும் அவன் இரும்பறுக்கும் வாளோடு வருவான்.

யாகப்பருடைய இங்கிலீஷ் எவ்வளவு என்பது அன்ரோனெற்றுக்குத் தெரியும். கப்பலில் வந்ததெல்லாம் இங்கிலீஷ் என்பது அவருடைய கணக்கு. அவளுடைய மூன்றாம் வகுப்பில், உட்காருகிற கதிரையின் படத்துக்குக் கீழே ஆங்கிலப் பெயர் எழுதச் சொன்னார்கள். அவள் தகப்பனைக் கேட்டாள்.

"கதிரை எண்டு எழுது. அது இங்கிலீஷ்தான்."

அவளும் ஆங்கில எழுத்தில் கதிரை என்றே எழுதினாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. மறுநாள் யாகப்பர் மடித்துக் கட்டியிருந்த சறத்தை இறக்கிவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

"கதிரை போத்துக்கீசச் சொல், யாகப்பர்" என்றார் வாத்தியார்.

"போத்துக்கீசரும் வெள்ளைக்காரர்தானே சேர்?"

அன்று வழியெல்லாம் அவள் தகப்பனோடு பேசவில்லை. வீட்டு வாசலில் ஒரு தரம் வாய் திறந்தாள்: "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது அப்பா." அவர் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

அவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஐந்தெழுத்துச் சொற்களை அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். தண்ணீர், இரவு, கடற்கரை, ஏசுவின் பெயர். எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துத்தான். பூட்டு அசையவில்லை. பிறகு தொழில் புத்தியைப் பாவித்தாள். பூட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையத்தைச் சுற்றினால் சரியான எழுத்தில் சற்றுத் தடக்கும். நான்கு வளையங்கள் உப்புக் காற்றில் எல்லா எழுத்திலும் தடக்கின. நான்காவது மட்டும் ஒரே ஓர் இடத்தில் தெளிவாக நின்றது. அந்த எழுத்து ஜே.

நான்காவது எழுத்து ஜே வருகிற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களைக் கைத்தொலைபேசியில் தேடினாள். மிகக் கொஞ்சமே வந்தன. சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் வாடிக்குள் குந்தியிருந்து பார்த்தார்கள்.

"பான்ஜோ."

"அதென்ன பிள்ளை?" என்றான் டொமினிக்.

"ஒரு வாத்தியம்."

"அண்ணைக்குக் கோயில் மணியை விட்டா வேற வாத்தியம் தெரியாது. அடுத்தது?"

"கஞ்சா."

டொமினிக் வெளியே எட்டிப் பார்த்தான். "மெல்லச் சொல்லு. நேவிக்காரன் அங்கால நிக்கிறான்."

அவள் சத்தமில்லாமல் அதையும் போட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை. அடுத்து ஹஜ்ஜி. "சிலாவத்துறையில ஐஸ் வாங்கிறது ஹாஜியாரிட்டைத்தானே" என்று றஞ்சிதம் நம்பிக்கையோடு முன்னுக்கு நகர்ந்தாள். அதுவும் இல்லை.

"கஞ்சி எண்டும் ஒண்டு கிடக்குது."

"கஞ்சி எப்ப இங்கிலீஷ் ஆனது?"

"இது ஜப்பான்காரற்ற எழுத்துக்குப் பேர் அம்மா."

"எதெண்டாலும் போடு. மனுசன் கஞ்சி குடிக்காத நாளில்லை."

போட்டாள். பூட்டுக்குப் பசிக்கவில்லை. பட்டியல் முடிந்தது. டொமினிக் எழும்பிச் சறத்து மண்ணைத் தட்டினான். "நாளைக்கு வாறன் அக்கா" என்றான். றஞ்சிதம் பூட்டைக் கையில் ஏந்தி, படிந்திருந்த உப்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

ஞாயிறு காலை, சாக்கில் சுற்றிய வாளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே டொமினிக் கோயிலுக்குப் போனான். வீட்டு வாசல் படலையில் நின்று றஞ்சிதம் அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி மகளிடம், ஒவ்வொரு ஞாயிறும் யாகப்பர் கேட்டதை அவர் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"லேஞ்சி எடுத்தனியோ?"

அன்ரோனெற் சப்பாத்தைக் காலில் பாதி போட்டபடி நின்றுவிட்டாள்.

பூசை முழுவதும் அவள் விரல்களை மடித்து மடித்து எண்ணினாள். செபமாலை சொல்கிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்தார்கள். எண்ணும்போதெல்லாம் ஐந்துதான் வந்தது. நான்காவது விரலில் ஜே வந்தது.

வாடியில் டொமினிக் சாக்கை அவிழ்த்துவிட்டான். றஞ்சிதம் சங்கிலிக்கு முன்னால் நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்கோ மாமா" என்றாள் அன்ரோனெற். எல். ஈ. என். ஜே. ஐ. இழுத்தாள்.

பூட்டு திறந்தது.

அன்ரோனெற் முகத்தைத் துடைக்க லேஞ்சியைத் தேடினாள். அன்றைக்கென்று எடுத்துவரவில்லை. தாய் தன்னுடையதைக் கொடுத்தாள். டொமினிக் வாளைத் திரும்பச் சாக்கில் சுற்றினான், அவசரமில்லாமல்.

"என்ன சொல் போட்டிருந்தவர்?" என்று கேட்டாள் றஞ்சிதம்.

"லேஞ்சி."

றஞ்சிதம் யோசித்தாள். "அது இங்கிலீஷ்தானே பிள்ளை?"

கதிரை வந்த போத்துக்கீசக் கப்பலில்தான் லேஞ்சியும் வந்தது என்பது அன்ரோனெற்றுக்குத் தெரியும்.

"ஓம் அம்மா. இங்கிலீஷ்தான்."

டொமினிக் எஞ்சினைத் தோளில் தூக்கினான். "இப்ப மூண்டு பேருக்குத் தெரிஞ்சு போச்சு. பின்னேரம் பூட்டுறதுக்கு வேற சொல் பாருங்கோ."

"கதிரை போடு" என்றாள் றஞ்சிதம்.

"அதுக்கு எழுத்துக் கூடிப்போகும் அம்மா."

"அப்ப மேசை?"

அன்ரோனெற் விரலை மடித்து எண்ணினாள். சரியாக ஐந்து வந்தது.