இரவல் வந்த தராசுகள்

நிர்மலாவுக்கு உட்காரத் தெரியாது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாப்பிடும்போதுகூடப் பாதிச் சோற்றில் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருவாள். இப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். ரிடையர் ஆகிற வயது வந்துவிட்டது, புத்தி மட்டும் மாறவில்லை. நான் பார்க்கப் போனால் பேசிக்கொண்டே அறைக்குள் நடந்துகொண்டிருப்பாள். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிக்கும்.

"உக்காரேன்டி, சனியனே" என்பேன்.

"உக்காந்தா எதுனா ஆயிடும்னு தோணுது அமிர்தம்" என்பாள்.

அமிர்தம் நான்தான். ஒரு கல்லூரியில் பேராசிரியை. எங்கள் பட்டப் படிப்புகளின் தரத்தைப் பார்க்க வெளியிலிருந்து குழு வரும்போதெல்லாம் கோப்புகளை அடுக்கும் வேலை என் தலையில்தான் விழும். குழு வருகிறது என்றதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், எங்கிருந்தோ பூந்தொட்டிகள் வந்து இறங்கும், வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த அறைக்கு ஊதுபத்தி ஏற்றுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடனே நிர்மலா ஞாபகமும் வரும்.

எண்பத்தேழில் நாங்கள் இருவரும் கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் வடக்கனந்தல்தான் ஊர். நான் ஊர்த் தெரு, அவள் காலனி. எங்கள் வீட்டில் கரும்பும் நெல்லும் போட்டிருந்தோம், அவள் அம்மா செல்லியம்மாள் அந்தக் கரும்பை வெட்ட வருவார். அவள் அப்பா பச்சமுத்து எங்கள் கல்லூரியிலேயே வேதியியல் ஆய்வக உதவியாளர். மகள் படிக்கிற அதே ஆய்வகத்தில் அவர் குடுவை கழுவுவார். மற்றவர்கள் எதிரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூட மாட்டார்.

அந்தப் படிப்பு ஆரம்பித்தபோது சேர்ந்த முதல் கூட்டம் நாங்கள். பாடம் நடத்துவது கல்லூரி, பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். நடத்துகிற பாடம் பட்டம் கொடுக்கிற தரத்தில் இருக்கிறதா என்று பார்க்கப் பல்கலைக்கழகம் கமிஷன் அனுப்பும். கமிஷன் சரி என்றால் இணைப்பு நீடிக்கும். இல்லையென்றால் ஏப்ரலில் பரீட்சையே எழுத முடியாது. மூன்று வருஷமும் மண்ணாகப் போகும். எனக்கென்ன, களமருதூரில் மாமன் மகன் தயாராக நின்றுகொண்டிருந்தான். நிர்மலாவுக்குக் கரும்புக் கத்திதான் தயாராக இருந்தது.

கமிஷன் நன்றாகப் பார்த்திருந்தால் இணைப்பு கிடைக்க வழியே இல்லை. ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்த ரசாயனத் தராசு ஒன்றே ஒன்றுதான் வேலை செய்தது. ராஜாம்பாள் மேடம் அதன் முன்னால் உட்கார்ந்து எடை போடுவார். நாங்கள் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்போம். "பதினெட்டு புள்ளி நாலு" என்று அவர் சொன்னால் அத்தனை பேரும் அதையே எழுதிக்கொள்வோம். மேடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு துறைக்கே அவர் ஒருத்திதான், அந்தச் சம்பளமும் மாசா மாசம் வராது.

இதற்கு ஒரு வழி அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரியும். பெண் பார்க்க வரும் நாளில் பக்கத்து வீட்டு நகையைப் போட்டுக்கொள்வதில்லையா, அதேதான். எங்கள் தாளாளருக்குத் தெரிந்த பெரிய கல்லூரி ஒன்று வேறு ஊரில் இருந்தது. அங்கிருந்து ஆறு தராசுகள் இரவலாக வந்தன. பச்சமுத்துதான் வேனில் போய் வைக்கோல் போட்டுப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தார். கொடுத்தவர்கள் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்கள். மேசைமேல் வைக்கலாம், யாரும் எடை போடக் கூடாது, போனபடியே திரும்பி வர வேண்டும்.

கமிஷன் காலையில் வந்தது. மூன்று பேர். தலைவர் பெரிய பேராசிரியர், கொஞ்சம் சிடுமூஞ்சி. தராசுகளை எண்ணினார்கள், நூலகத்தை எட்டிப் பார்த்தார்கள், கோழிக் குழம்பு சாப்பிட்டார்கள். தலைவர் தாளாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்பாசிடர் கார் கேட்டைத் தாண்டியதும் ராஜாம்பாள் மேடம் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மிட்டாய் கரைவதற்குள் கார் திரும்பி வந்துவிட்டது.

உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சேலம் ரோட்டிலும் அப்படித்தான். எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். மறியல் வரப்போவது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இத்தனை மரம் விழும் என்று யாரும் நினைக்கவில்லை. எங்கள் அண்ணன் அய்யப்பனும் கோடாலியோடு அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான். பஸ் இல்லை, லாரி இல்லை, வேன் இல்லை. கமிஷனும் போக முடியாது, தராசும் போக முடியாது. கல்லூரிக்குப் பின்னால் இருந்த விடுதியிலிருந்து நாங்களும் ஊருக்குப் போக முடியாது. பச்சமுத்து தராசுகளுக்குக் காவலாக ஆய்வகத்திலேயே துண்டை விரித்துப் படுத்தார்.

நிர்மலாவின் கால் தரையில் பாவவில்லை. "எங்க காலனில இன்னா நடக்குதுன்னே தெர்லயே" என்று விடுதி வராந்தாவில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தாள். ரோட்டில் சத்தம் கேட்டால் கேட்டுக்கு ஓடுவாள். அம்மா அங்கே தனியாக இருந்தார். ஊர்த் தெரு இப்படிக் கிளம்பினால் முதல் அடி காலனிக்குத்தான் விழும். ஊர்த் தெருக்காரியான நான் என்ன சமாதானம் சொல்வது? "ஒண்ணும் ஆவாதுடி" என்று சொன்னேன். அதை நானே நம்பவில்லை.

அடுத்த நாள் தலைவருக்குப் பொழுது போகவில்லை. தாளாளர் வீட்டில் எவ்வளவு நேரம்தான் பேப்பர் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்? நேராக ஆய்வகத்துக்கு நடந்து வந்துவிட்டார்.

"பசங்க இருக்காங்க இல்ல? ஒரு ப்ராக்டிகல் பார்க்கலாமே" என்றார்.

"கரண்ட் இல்லீங்களே சார்" என்றார் ராஜாம்பாள் மேடம்.

"தராசுக்குக் கரண்ட் எதுக்கும்மா?"

விடுதியில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார்கள். தலைவர் கொஞ்சம் உப்பை ஒரு கண்ணாடித் தட்டில் கொட்டி, "யாராவது வந்து எடை போடுங்க" என்றார். ஒருத்தரும் நகரவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா நிற்க முடியாத பிறவி ஒன்று உண்டே, அது போய் முன்னால் நின்றது. பச்சமுத்து சுவரோரம் இருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் கவனிக்கவில்லை.

கண்ணாடிக் கதவைத் திறந்தாள். ஒரு பக்கம் உப்பை வைத்தாள், மறுபக்கம் எடைக்கல்லை வைத்தாள். தட்டுகள் அசையவில்லை. முள் நேராக நின்றது.

"சமமா இருக்குதுங்க சார்."

நாங்களும் ஆமாம் என்று தலையாட்டினோம். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"இன்னொரு கல் வை" என்றார் தலைவர்.

வைத்தாள். அப்போதும் அசையவில்லை. "இப்பவும்... சமமாத்தாங்க சார் இருக்குது." குரல் இறங்கிவிட்டது.

அந்தத் தராசில் கீழே நடுவில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால்தான் மேலே உள்ள தண்டு விடுபட்டுத் தட்டு ஆடும். திருப்பாவிட்டால் யானையை வைத்தாலும் முள் நேராகத்தான் நிற்கும். இது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. மேடம் உட்கார்ந்தால் அவர் முந்தானையும் முதுகும் அந்தத் திருகை மறைத்துவிடும். எடை போடும்போது மேடம் குனிவதை மூன்று வருஷமாகப் பார்த்தோம். கண் பார்வை கம்மி, அதனால் குனிகிறார் என்று நினைத்திருந்தோம்.

தலைவர் சிரித்தார். "மூணு வருஷம் படிச்ச பொண்ணுக்குத் தராசைத் தொடத் தெரியல. இதுங்களுக்கெல்லாம் டிகிரி எதுக்கு?"

"அய்யா" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பச்சமுத்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க அய்யா. அவ மேல தப்பு இல்ல. அது கட்டிக் கெடக்குதுங்க. வண்டியில ஆடாம வரணும்னு நான்தான் சணலப் போட்டுத் திருகக் கட்டனேன்."

"எந்த வண்டியில?" என்றார் தலைவர்.

ராஜாம்பாள் மேடம் பக்கத்தில் இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பச்சமுத்துவுக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

அப்பாவைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், பிறகு தலைவரிடம் திரும்பினாள் நிர்மலா. "இரவல்ங்க சார். ஆறும் இரவல். ரோடு தெறந்தா போயிடும்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஆனா கட்டாம இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க சார். கீழ ஒரு திருகு இருக்குதுன்னே எங்கப்பா இப்ப சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூணு வருஷமா மேடம் முதுகுக்குப் பின்னால நின்னுதான் பார்த்தோம்."

தலைவர் வெளியே போய்விட்டார்.

விடுதிக்கு வந்ததும் அவளைப் பிடித்து உலுக்கினேன். "பெரிய அரிச்சந்திரன் வூட்டுப் பொண்ணாடி நீ? உன் பரீட்சை போனா போவட்டும், என் பரீட்சையும் போச்சேடி!" என்று கத்தினேன். அந்தக் கோபம் தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அவள் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் தலைவர் மறுபடி வந்தார். பச்சமுத்துவிடம், "எல்லாச் சணலையும் அறு" என்றார். தாளாளர் ஓடிவந்து இரவல் கொடுத்தவர்களின் கண்டிஷனைச் சொன்னார். "அவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ரோடு தெறக்கிற வரைக்கும் இந்தப் பசங்க எடை போடட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் மரங்கள் கிடந்த நாளெல்லாம் எடை போட்டோம். உப்பு, மிளகாய், காதுத் தோடு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, செத்த தேனீ என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்தோம். திருகைத் திருப்பினதும் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருமே, அதைப் பார்த்து ஒருத்தி கைகூடத் தட்டினாள். நிர்மலா கை எடை போட்டாலும் காது ரோட்டில்தான் இருந்தது.

அய்யப்பன் ஒரு மத்தியானம் விடுதிச் சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டான். முகமெல்லாம் தூசி.

"சாப்ட்டியாடி?"

"நீ போட்ட மரத்தாலதான் எங்க கமிஷன் மாட்டிக்கினு கீது, தெரியுமா? இப்ப எங்க டிகிரியே போவப் போவுது!"

"காலேஜில நம்ம பசங்களுக்கு ஸீட்டு வேணும்னுதான்டி வெட்றோம்."

"ஸீட்டு கெடச்சி உள்ள வந்து பாருடா. தராசு இல்ல!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் நிர்மலா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணே, எங்க காலனி எப்படிக் கீது? எங்கம்மாவப் பார்த்தீங்களா?"

அய்யப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் கோடாலிக் காம்பைப் பார்த்துக்கொண்டு, "நல்லாக்கீறாங்க. நான் பார்த்துக்கினுதான் கீறேன்" என்றான். அன்றைக்குத்தான் அவள் ஒரு வாய் முழுசாகச் சாப்பிட்டாள்.

ரோடு திறந்தது. கமிஷன் போயிற்று, தராசுகளும் போயின. அந்த வாரமே பச்சமுத்துவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவர் ஊருக்குத் திரும்பிக் கரும்பு வெட்டப் போனார். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. தீபாவளி போனது, கார்த்திகை போனது. நிர்மலா தபால்காரரைப் பார்த்தால் பின்னாலேயே போவாள். "நான் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் இல்ல அமிர்தம்? எங்கப்பா வேலையாவது நின்னிருக்கும்" என்பாள். "ஆமாம்டி, இருந்திருக்கலாம்" என்பேன் நான்.

பொங்கல் கழித்து உத்தரவு வந்தது. கல்லூரி சொந்தத் தராசு வாங்கும்வரை அந்தப் படிப்பில் புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது. இப்போது படிக்கிறவர்கள் பரீட்சை எழுதலாம், ஆனால் செய்முறைத் தேர்வு வெளியூர்க் கல்லூரியில், ஒவ்வொருத்தரும் தனித்தனியாகத் தன் கையால் எடை போட வேண்டும். எந்தக் கல்லூரி என்று பார்த்தால், இரவல் கொடுத்த அதே கல்லூரி!

ஏப்ரல் வெயிலில் அங்கே போனோம். நிர்மலாவோடு பச்சமுத்துவும் வந்திருந்தார். அவர் இப்போது யாருடைய உதவியாளரும் இல்லை, அதனால் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவளுக்குக் கிடைத்த தராசின் கால் இடுக்கில் கொஞ்சம் வைக்கோல் ஒட்டியிருந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். தேர்வு முடிகிறவரை எழுந்திருக்கவே இல்லை. என் எடையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், தேர்வாளர் வந்து அதட்டினார்.

வெளியே வந்தபோது பச்சமுத்து கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கோடு. நல்லா எழுதினாயா, பாஸாகிவிடுவாயா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"முள்ளு ஆடுச்சாம்மா?" என்றார். எங்கள் எல்லோர் எதிரிலும் அவர் அவளோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"ஆடுச்சிப்பா."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"அப்ப சரி. வா, பஸ்ஸு போயிடும்."